பைன் என்றால் தேத்தண்ணி வராது

இங்கிலாந்துக்கு வந்த முதல் மாதம். பன்னிரண்டு மணித்தியால வேலை முடித்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன். அம்மா போனில், "என்ன புள்ள, எப்பிடி இருக்காய்?" என்று கேட்டார். கேட்பவர்களுக்கெல்லாம் சுகம் என்பதை நாள் முழுக்க இங்கிலீஷில் சொல்லிப் பழகிய வாய், "பைன் (fine) அம்மா" என்றது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுகா மெதுவாக, "எவ்வளவு கட்டச் சொல்றாங்க?" என்றார்.

அம்மாவில் பிழையில்லை. களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் வந்ததே தம்பியின் மோட்டார் சைக்கிளோடுதான். ஹெல்மெட் இல்லாமல் ஆரையம்பதியில் பொலிஸில் மாட்டி, லைசன்ஸைப் பறிகொடுத்து, தண்டச் சீட்டோடு வந்து நின்றான். தபால் கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸை மீட்கும்வரை வீட்டில் வேறு பேச்சில்லை. அம்மாவுக்கு பைன் என்றால் காசு போகிற காரியம்.

எனக்கு மட்டும் என்ன பெரிதாகத் தெரிந்திருந்தது? பள்ளிக்கூடத்தில் டீச்சர் "ஹவ் ஆர் யூ" என்று கேட்க, வகுப்பே இராகம் இழுத்து "ஐ ஆம் பைன், தேங்க் யூ டீச்சர்" என்று பாடும். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தவளும் சேர்ந்துதான் பாடினாள். அதைவிட்டால், மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் தம்பி கிரிக்கெட் ஆடிய நாட்களில் காதில் விழுந்த "பைன் லெக்". துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால், விக்கெட்டின் நேர்கோட்டை ஒட்டிய பக்கம் பைன், பக்கவாட்டில் விலகிப் போனால் ஸ்குவயர் என்று தம்பி மண்ணில் கோடு கீறிக் காட்டினான். எனக்கு அப்போது கச்சான் வாங்குவதில்தான் கவனம்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். 2023 இல் கேர் விசாவில் வந்தேன். முதல் நாள் இடைவேளையில், கூட வேலை செய்யும் மூத்த பெண் கேத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டு, "டீ?" என்று என்னைப் பார்த்தார். தொண்டை வரண்டு கிடந்தது. ஆனாலும் நம்மட ஊர்ப் பழக்கம் விடுமா? முதல் தரம் கேட்டவுடன் "ஓம், தாங்க" என்று சொல்வது மரியாதையா? "ஐ ஆம் பைன்" என்றேன். ஊரில் இதற்கு அர்த்தம், "இன்னொருக்கா கேளுங்க" என்பது. வேணாம் வேணாம் என்று நாம் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பார். இவர் தலையாட்டிவிட்டு, தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிட்டார். அன்று பின்னேரம்வரை எனக்குப் பைப் தண்ணீர்தான்.

அடுத்த அடி சமையலறையில். சூப்பர் மார்க்கட்டில் இரண்டு வகை ரவைப் பைகள். ஒன்றில் "பைன்" என்று போட்டிருந்தது. நல்ல சாமான் போல என்று அதை எடுத்தேன். வறுத்து, தாளித்து, சுடுதண்ணீர் ஊற்றியதுதான் தாமதம், உப்புமா களியாகிவிட்டது. கரண்டியை நட்டால் நிற்கும். பைன் என்றால் அங்கே பொடி, மாப்பதம். அரிதட்டில் அரித்து விழுகிற மா மாதிரி. நான் தேடியது கட்டை ரவை.

இதெல்லாம் பொருள் தெரியாத பிழைகள், ஒருமுறை பட்டால் சரி. குரல்தான் கஷ்டம். வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகி அம்மன் சடங்கு. அம்மனைக் குளிரவைக்கும் கடைசிச் சடங்கான குளிர்த்தி இரவை தம்பி போனில் நேரலையாகக் காட்டுவதாகச் சொன்னான். இங்கே அது பின்னேர ஷிஃப்ட் நேரம். மாற்றித் தர முடியுமா என்று மேலாளரிடம் கேட்டேன். "பைன்" என்றார். ஒரே சொல், கல்லைக் கிணற்றில் போட்டது மாதிரி. கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய் விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டேன். லீவு கிடைத்தது உண்மைதான். ஆனால் இரண்டு கிழமை அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "தட்ஸ் பைன்" என்று குரல் மேலே போனால் சம்மதம். வெறும் "பைன்" என்று கீழே விழுந்தால், செய்துதொலை என்று அர்த்தம். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் இருந்தபடி அகராதியில் தேடினேன். தண்டப்பணத்துக்கும் சுகத்துக்கும் ஒரே வேர்தான். லத்தீனில் "பினிஸ்", முடிவு என்று பொருள். வழக்கை முடித்துவைக்கக் கட்டும் காசு ஒரு பைன். இதற்கு மேல் இல்லை என்கிற அளவுக்குத் திருத்தமானது மற்றப் பைன். பைனான்ஸும் அதே குடும்பம்தானாம். எனக்கு உடனே அந்தத் தேத்தண்ணிதான் ஞாபகம் வந்தது. "ஐ ஆம் பைன்" என்றேன், கதை முடிந்தது!

இல்லத்தில் தொண்ணூறைத் தாண்டிய அம்மையார் ஒருவர் இருக்கிறார், மறதி நோய்க்காரர். காலையில் திரையை விலக்கி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "பைன், டியர்". தினமும் அதே பதில். அதைப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிடுவேன். ஒருநாள் தாதி அதை வாசித்துவிட்டு, "இது அவ சொன்னதா, நீ கண்டதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு பேருமாகத் திரும்ப அறைக்குப் போனோம். டோஸ்ட் தொடப்படாமல் இருந்தது. வலது கை போர்வைக்கு உள்ளே. "பைன், டியர்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

தாதி ஒரு படிவத்தை எடுத்தார். ஆபி பெயின் ஸ்கேல் என்று பெயர், நோவை வாயால் சொல்ல முடியாத மறதி நோயாளிகளுக்காக ஆக்கியது. முனகல், முகம், உடம்பை வைத்திருக்கும் விதம், நடத்தையில் மாற்றம், நாடித்துடிப்பு வியர்வை போன்றவை, உடம்பில் காயம் என்று ஆறு விஷயம் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. கூட்டினால் 2 வரை நோவில்லை, 3 முதல் 7 வரை இலேசு, 8 முதல் 13 வரை நடுத்தரம், 14 இலிருந்து கடுமை. எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்வியே அந்தப் படிவத்தில் இல்லை. போர்வையை விலக்கினால் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. அன்று வந்த புள்ளி 9.

போன கிழமை அம்மாவோடு வீடியோவில் கதைத்தேன். முழங்கால் நோவென்று தம்பி முன்னமே சொல்லியிருந்தான்.

"கால் எப்பிடி அம்மா?"

"இருக்கன் புள்ள."

"எழும்பி நாலடி நடந்து காட்டுங்க, பாப்பம்."

"நீ திண்டயா? அங்க குளிரா?"

"காலக் காட்டுங்க அம்மா."

"நான் பைன் புள்ள" என்று சிரித்துக்கொண்டே போனை மேலே திருப்பிவிட்டார். திரையில் கூரையும், சுற்றாமல் நிற்கும் பேனும். கதிரையைப் பிடித்து இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.