பத்து கிலோமீட்டர் வட்டம்

அரியலூர்ப் பக்கம் புதிதாகச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வரப்போகிறது என்றால் அதன் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைத் தயாரிக்கும் எங்கள் மாதிரி ஆட்கள் முதலில் வரைவது ஒரு வட்டம். தோண்டப்போகும் நிலம் கோர் ஜோன், அதன் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் வரை பஃபர் ஜோன். அதற்குள் காற்று, தண்ணீர், மண், சத்தம், செடிகொடி எல்லாவற்றையும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதம் அளந்தால் அறிக்கைக்குப் போதும்.

தூசிக்கு இந்த விதி சரிதான். மழை பெய்தால் தூசி அடங்கிவிடும், காய்ந்த காலத்தில் அளந்தால்தான் மோசமான நிலை தெரியும். பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டை மாடியில் தூசி அளக்கும் மெஷினை ஏற்றி 24 மணி நேரம் ஓட விட்டு (ராத்திரி கரண்ட் போனால் அந்த ஃபில்டர் வீண்), வரும் எண்ணை பி.எம். 10 என்கிற நுண்தூசிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் என்ற வரம்போடு ஒப்பிட்டால் பக்கம் பக்கமாக அட்டவணை கிடைத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதே விதி காலை வாருகிறது. இங்கே மழையில் பெரும்பங்கு அக்டோபருக்கு மேல்தான், நாங்கள் அளப்பதோ பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை. அப்போது ஏரி வெடித்துக் கிடக்கும், வரத்து வாய்க்கால் சீமைக்கருவேலம் மண்டி, வாய்க்கால் என்றே தெரியாது. சாட்டிலைட் படத்தில் பார்த்தால் வெறும் புதர்.

ஒரு ஊரில் பெரியவர் ஒருவர் ஏரிக்குள் கூட்டிப்போய் ஒரு கருவேல மரத்தடியில் நிறுத்தினார். அடிமரத்தில் என் இடுப்பு உயரத்துக்குச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. "தை வரைக்கும் இதுவரைக்கும் தண்ணி நிக்கும் தம்பி, அந்தா, அங்கேருந்து வருது" என்று கையை நீட்டினார். நீட்டிய திசையில் இருந்தது எங்கள் கோர் ஜோன்.

இதற்கு அறிக்கையில் எழுதும் வழக்கமான பதில், சுரங்கத்தைச் சுற்றி வடிகால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுவோம் என்பது. எங்கே திருப்புவது? ஏரிக்கா, குழிக்கா? அதை யாரும் கேட்பதில்லை. தோண்டி முடித்த குழியில் தேங்கும் நீரை மழைநீர் சேகரிப்பு என்று கணக்குக் காட்டுவதும் உண்டு. ஏரியில் நின்றால் மடையைத் திறந்ததும் வயலுக்குத் தானே பாயும். குழியில் நின்றால் மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும், அந்த டீசல் செலவை எந்த விவசாயி தாங்குவார்? போதாததற்கு, குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் வேலை நடக்க ஊற்றை ஓயாமல் இறைக்க வேண்டும், அக்கம்பக்கத்துக் கிணறுகள் கூடவே இறங்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஜனங்கள் பேசுவது மூன்றே விஷயம்: லாரி, வேலை, தண்ணீர். லாரிக்கும் வேலைக்கும் கம்பெனிக்காரர்களிடம் பதில் தயாராக இருக்கும். தண்ணீர் என்றதும் மறுபடி அந்த வடிகாலைச் சொல்வார்கள்.

இப்போதெல்லாம் ஊர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு வரத்து வாய்க்காலை முழுக்க நடந்து, ஜி.பி.எஸ். புள்ளி எடுத்து, படத்தில் நீலக் கோடாகவே போட்டுவிடுகிறேன். அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. தள்ளட்டும், அறிக்கையைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவில் நீரியல் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்தக் கோடு குழிக்குள் போய் நிற்பதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.