பாடத்திட்டத்தில் விடுபட்ட எண்கள்

பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையில் பணியாற்றிய காலத்தில் மூன்று முறை பாடத்திட்டம் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் முறை, எதைச் சேர்ப்பது என்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது. எந்தப் புலவர், எந்தக் காப்பியம், எந்தச் சிறுகதை என்று துறைக்குள் வாதிட்ட நேரத்தில் கால்பங்கைக்கூட, சேர்த்ததை எப்படி எழுதிவைப்பது என்பதற்கு நாங்கள் ஒதுக்கவில்லை. அதன் பலனை அடுத்த பருவத் தேர்விலேயே அனுபவித்தோம்.

முதலாமாண்டு மாணவர்களுக்கான பகுதி 1 தமிழ்த் தாளின் இரண்டாம் அலகில் 'குறுந்தொகை – தேர்ந்தெடுத்த 10 பாடல்கள்' என்று எழுதியிருந்தோம். எந்தப் பத்து என்பது எங்களுக்குத் தெரியும். துறையே தொகுத்து அச்சிட்ட செய்யுள் திரட்டில் அவை இருந்தன. ஆனால் வினாத்தாள் அமைத்தவர் வேறு ஊர்ப் பேராசிரியர்; அவருக்கு அனுப்பப்பட்டதோ பாடத்திட்டத்தின் ஒரு பக்கம் மட்டுமே. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் கொண்ட தொகையில் அவர் 49ஆம் பாடலைத் தேர்ந்து, அதன் நயத்தை விளக்குமாறு பத்து மதிப்பெண் வினா ஒன்றைக் கேட்டிருந்தார். அணிலின் பல்லைப் போன்ற முள்ளையுடைய முண்டகச் செடியோடு தொடங்கும் அருமையான நெய்தல் பாட்டு அது. நாங்கள் நடத்தியதோ செம்மண்ணில் பெய்த மழைநீர் வரும் 40ஆம் பாடல். தேர்வு தொடங்கி அரைமணி நேரத்திற்குள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து அழைப்பு வந்தது. வினா எண்ணை எழுதிவைத்திருந்த எல்லோருக்கும் முழு மதிப்பெண் வழங்குவது என்று பிற்பாடு முடிவாயிற்று. அந்தப் பாட்டை எங்கோ தானாகவே படித்து, இரண்டரைப் பக்கம் உண்மையாகவே விடையெழுதியிருந்த ஒரே ஒரு மாணவனுக்கும் அதே மதிப்பெண்தான் கிடைத்தது என்பது இன்றுவரை எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

பாடத்திட்டத்தை எழுதுகிறவர் அதைத் தமக்காகவே எழுதிக்கொள்கிறார் என்பதுதான் சிக்கல். வினாத்தாள் அமைப்பவர், விடைத்தாள் திருத்துபவர், பருவத்தின் நடுவில் பணியில் சேரும் கௌரவ விரிவுரையாளர் ஆகியோரில் யாரும் என்னிடம் வந்து விளக்கம் கேட்கப்போவதில்லை. ஆகவே இரண்டாம் முறை பாடல் எண்கள், எந்தப் பதிப்பு, எந்த இயலிலிருந்து எந்த இயல் வரை என்பன யாவும் தாளிலேயே இடம்பெற்றன. பார்வை நூல் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நூலகத்திற்குச் சென்றபோது, பதினான்கில் ஐந்துதான் அடுக்கில் இருந்தன. இல்லாதவற்றில் வாங்கக் கிடைக்காதவற்றை நீக்கினோம்.

மணிக்கணக்கு மட்டும் அப்போதும் சரியாக அமையவில்லை. வாரத்திற்கு ஆறு மணி நேரம் வீதம் பதினைந்து வாரங்களுக்கு 90 மணி நேரம் என்பது ஏட்டுக் கணக்கு. அகமதிப்பீட்டுத் தேர்வுகள், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், விளையாட்டு விழா, மழை விடுமுறை ஆகியவற்றைக் கழித்து என் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், எந்தப் பருவத்திலும் 68 மணி நேரத்தைத் தாண்டியதில்லை. ஆனால் ஐந்து அலகுகளும் தொண்ணூறுக்கே எழுதப்பட்டிருந்தன. இதன் விளைவை மாணவர்கள் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள்: ஐந்து பெருவினாக்களில் மூன்றுக்கு எழுதினால் போதும் என்பதால், 'அஞ்சாவது யூனிட்ட விட்டுடலாம்டா' என்பது விடுதியில் வழிவழியாக வந்த அறிவுரை. அந்த ஐந்தாம் அலகில்தான் கடிதம் எழுதுதல், பிழை திருத்தம் போன்ற, வேலைக்குச் சென்றபின் அவர்களுக்கு உதவக்கூடிய மொழிப்பயிற்சியை வைத்திருந்தோம்.

மூன்றாம் முறை கற்றல் விளைவுகளின் காலம்; அதாவது, ஒரு தாளைப் படித்து முடித்த மாணவரால் என்ன செய்ய முடியும் என்பதை எழுதிக்காட்ட வேண்டும். 1956இல் அமெரிக்கக் கல்வியியலாளர் ப்ளூம் குழுவினர் வகுத்த கற்றல் படிநிலைகளின் திருத்திய வடிவத்தைப் பின்பற்றி, ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து விளைவுகள் எழுதி, அவற்றைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை 3 (மிகுதி), 2 (நடுத்தரம்), 1 (குறைவு) என்று குறித்துக் கட்டம் நிரப்ப வேண்டும். கருத்தளவில் எனக்கு இதில் மறுப்பில்லை. ஆனால் ஒரு தாளுக்கு நிரப்பிய கட்டம் அடுத்த தாளுக்கும் அப்படியே நகலெடுத்து ஒட்டப்பட்டதையும், இலக்கணத் தாளின் விளைவுகளில் 'நாட்டுப்புறக் கலைகளை மதிப்பிடுவர்' என்ற வரி வந்து உட்கார்ந்திருந்ததையும் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த வல்லுநர்தான் சுட்டிக்காட்டினார். அன்று மொழிப்பயிற்சியை முதல் அலகிற்குக் கொண்டுவந்து, ஒவ்வோர் அலகிற்கும் நேராக மணி நேரத்தைக் குறித்து, மொத்தத்தை 68க்குள் அடக்கியிருந்தேன். 'இவ்வளவு குறைத்தால் எப்படி?' என்று அவர் தயங்கியபோது, மூன்றாண்டுப் பதிவேடுகளை எடுத்து அவர் முன் வைத்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு பழைய மாணவி வந்தார். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்த அவருக்கு, தாம் படித்த ஆண்டின் பாடத்திட்டம் சான்றொப்பத்துடன் தேவைப்பட்டது. அவர் நான் முதன்முறை எழுதிய பாடத்திட்டத்தில் படித்தவர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, 'ஐயா, ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை மணி நேரம்னு கேக்கறாங்க, இதுல எங்க இருக்கு?' என்றார். அதில் எங்கும் இல்லை. அலுவலகத்தில் பழைய கால அட்டவணை ஏதேனும் கிடைக்குமா என்று தேட இருவரும் எழுந்தோம்.