நான்கா, ஐந்தா

23 ஜூன் 2025, திங்கள்

இன்று காலை எட்டு மணிக்கு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் தொடங்கியபோது மருமகன் பள்ளியில் இருந்தான், நான் வேலையில் இருந்தேன். முடிவு முன்கூட்டியே காதில் விழுந்துவிடக் கூடாது என்று பகல் முழுவதும் கைப்பேசியைத் தொடாமல் இருந்துவிட்டு, இரவு பினாங்கின் ஜெலுத்தோங்கில் அக்காள் வீட்டில் இருவருமாக உட்கார்ந்து பதிவைப் பார்த்தோம். ஓக்லஹோமா சிட்டி 103-91 என்று இண்டியானாவை வென்றது. ஓக்லஹோமாவின் செட் ஹோம்கிரென் எதிரணியின் ஐந்து எறிதல்களைத் தட்டிவிட்டார். ஒவ்வொரு தட்டலுக்கும் இவன் கையை உயர்த்திக்கொண்டு எழுந்து நிற்க, அக்காளுக்குக் கூரை விசிறியைப் பற்றிய கவலை.

மருமகனுக்கு வயது 15. உயரம் 193 செ.மீ. எடை 74 கிலோ. அடுத்த ஆண்டிலிருந்து இவனைச் சென்டராகவே, அதாவது வளையத்தின் கீழ் நிற்கும் ஐந்தாம் இடத்து ஆட்டக்காரனாகவே, நிலைநிறுத்தலாம் என்று தலைமைப் பயிற்றுநர் சொல்லிவிட்டார். சனிக்கிழமைப் பயிற்சியில் உயரமான பையன்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பதால், ஜூலை மாதத்துக்குள் என் கருத்தையும் கேட்டிருக்கிறார்.

ஹோம்கிரென் தம் முதல் பருவத்தில் சென்டராகத்தான் ஆடினார். 2024 ஜூலையில் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன் அணிக்கு வந்த பிறகு அவருக்குப் பக்கத்தில் பவர் ஃபார்வர்டாக, அதாவது சென்டருக்கு அடுத்த நான்காம் இடத்தில், நிற்கிறார். ஹார்ட்டன்ஸ்டைன் வெளியே உட்காரும்போது மறுபடியும் சென்டராகிவிடுகிறார். இதே இறுதிச் சுற்றில் முதல் மூன்று ஆட்டங்களை இருவரையும் சேர்த்துத் தொடங்காத அந்த அணியின் பயிற்றுநர், நான்காவது ஆட்டத்திலிருந்து சேர்த்துத் தொடங்கினார். ஓர் ஆட்டக்காரனின் இடம் அவனுடைய உயரத்தில் மட்டும் இல்லை, பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதிலும் இருக்கிறது என்று மருமகனிடம் சொன்னேன். அவன் ஐந்தாவது தட்டலைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

28 ஜூன் 2025, சனி

பயிற்சி முடிந்ததும் எதிரேயிருந்த கடையில் தே ஓ குடித்தபடி தலைமைப் பயிற்றுநரோடு ஒரு மணி நேரம் பேசினேன். பல ஆண்டுகளாகச் சிறுவர்களைப் பழக்கியவர், எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அவரிடமிருந்து வராது.

தொலைக்காட்சியில் பார்ப்பது வேறு விதி, நாம் ஆடுவது உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதி என்றார். என்.பி.ஏ.வில் 2001 முதல், தற்காக்கும் ஆட்டக்காரர் தம் ஆளை நெருங்கிக் காக்காமல் வளையத்தின் கீழுள்ள கட்டத்தில் மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது. ஃபீபா விதியில் அந்தத் தடை கிடையாது, சென்டர் அங்கேயே குடியிருக்கலாம். அதைப்போல, எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், மேலே உருண்டுகொண்டிருக்கும் நிலையிலேயே அதைத் தட்டிவிட ஃபீபா அனுமதிக்கிறது, என்.பி.ஏ. அனுமதிப்பதில்லை. நீளமான கை உள்ள பையனுக்கு இவை இரண்டும் வரம் என்றும், வரத்தை வைத்துக்கொண்டு அவனை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே அலையவிடுவது வீண் என்றும் அவர் சொன்னபோது என்னால் உடனே மறுக்க முடியவில்லை.

என் எதிர்வாதம் விதியைப் பற்றியது அன்று, இவன் இருபது வயதில் எங்கே ஆடுவான் என்பதைப் பற்றியது. 2015-16 பருவத்தில் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் ஆசியான் கூடைப்பந்து லீக் பட்டத்தை வென்றது. அந்த லீக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிநாட்டு ஆட்டக்காரரை எடுக்க அனுமதி கிடைத்தால் குழுக்கள் முதலில் தேடுவது வளையத்தின் கீழ் நிற்கும் ஆளைத்தான். 205 செ.மீ. உயரமும் 110 கிலோ எடையும் உள்ள ஒருவர் வந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டால், உள்ளூர்ச் சென்டருக்குக் கிடைப்பது பெஞ்ச். அவரோடு சேர்ந்து ஆடத் தெரிந்த உள்ளூர் நான்குக்கோ எப்போதும் வேலை உண்டு.

“அது அஞ்சு வருசத்துக்குப் பிறகு. எனக்கு அடுத்த மாதம் ஆட்டம் இருக்கிறது, சார்” என்றார்.

2 ஜூலை 2025, புதன்

முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றதால் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். வேகமாக வளரும் வயதில் தசைநார் எலும்பை இழுக்கும் இடத்தில் வருகிற வலிதான், குதிப்பதைச் சில வாரங்கள் குறைத்தால் போதும் என்றார். மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடவில்லை, அதாவது இன்னும் வளர்வான். பெற்றோர் உயரத்தைக் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, இரண்டால் வகுக்கும் கணக்கையும் போட்டுக் காட்டினார்: அத்தான் 183, அக்காள் 170, விடை 183. விடையைவிட இவன் ஏற்கெனவே பத்து செ.மீ. மேலே நிற்கிறான். தாய்மாமன் வழி என்று அக்காள் என்னைப் பார்த்தாள். 188தான் நானும்.

7 ஜூலை 2025, திங்கள்

ஜார்ஜ் டவுன் மரபுரிமை நகர நாள் விடுமுறை. ஆடுகளம் காலியாக இருந்ததால், மழை வருவதற்குள் இவனை முழுமையாகச் சோதித்துவிடலாம் என்று காலை ஏழரைக்கே போய்விட்டோம். குதிக்க வைக்கவில்லை.

ஃப்ரீ த்ரோ 100 எறிந்ததில் 68 விழுந்தன. மூலையிலிருந்து மூன்று புள்ளி 50 எறிந்ததில் 13. இரண்டாவது எண்ணைக் கண்டு அவன் முகம் வாடியது. எனக்கு முதல் எண்தான் முக்கியம். யாரும் தடுக்காத இடத்தில் ஒரே மாதிரி எறியக் கற்ற கை, பின்னால் தூரத்தையும் கற்றுக்கொள்ளும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவனே என்.பி.ஏ. ஆட்டக்காரர் புரூக் லோபஸைப் பேச்சுக்கு இழுத்தான். முதல் எட்டுப் பருவங்களில் மொத்தம் மூன்று முறை மட்டுமே மூன்று புள்ளி எறிதலைக் கூடையில் போட்ட சென்டர், ஒன்பதாவது பருவமான 2016-17இல் மட்டும் 134 போட்டார். அப்படியென்றால் இப்போது உள்ளே ஆடிவிட்டுப் பிறகு வெளியே வரலாமே என்பது அவன் வாதம். பயிற்றுநர் சொல்லிக் கொடுத்தாரோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். லோபஸ் அந்த எட்டு ஆண்டுகளும் உள்ளே நின்று காசு சம்பாதித்தார், நீ உள்ளே நின்று எந்தக் குழுவில் எட்டு ஆண்டு தாக்குப்பிடிப்பாய் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. கேட்ட தொனி கொஞ்சம் கடுமைதான்.

தற்காப்பில்தான் பாடம் கிடைத்தது. விளையாட வந்திருந்த, பந்தைக் கொண்டுசெல்லும் கார்டு பையன்கள் இருவரைப் பக்கவாட்டிலிருந்து மாறி மாறி இவனைத் தாண்டச் சொன்னேன். முதல் அடியில் இவன் இடுப்பு நிமிர்ந்துவிடுகிறது, நிமிர்ந்த பிறகு கால் நகர்வதில்லை. இருபது முறையில் பதினொரு முறை தாண்டிவிட்டார்கள். ஆனால் தாண்டியவற்றில் நான்கு முறை எறிதலைப் பின்னாலிருந்து வந்து தட்டினான். அதே பையன்களை ஸ்கிரீன் வைத்து, அதாவது ஒருவன் குறுக்கே நின்று மறிக்க மற்றவன் பந்தோடு, வரச் சொல்லி, இவனை இரண்டடி பின்வாங்கி நிற்க வைத்தபோது, வேறு ஆளைப் பார்ப்பது போல இருந்தது. பந்தையும், மறித்துவிட்டு வளையத்தை நோக்கித் திரும்பி ஓடி வருபவனையும் ஒரே பார்வையில் வைத்திருந்து, பந்தை எறியும் கை எது என்று பார்த்து அந்தக் கைக்கு எதிர்க் கையை நீட்டுகிறான். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பந்து கையில் இருக்கும்போது கதை தலைகீழ். வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் தடுமாறுகிறான், ஃப்ரீ த்ரோ கோட்டருகே முகத்தைக் காட்டி நின்றால் வெட்டி ஓடுபவனை அவன் ஓடத் தொடங்குமுன்பே பார்த்துவிடுகிறான். தற்காப்பில் ஐந்து, தாக்குதலில் நான்கு.

எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பதினேழு வயதானபோது, பள்ளியிலேயே உயரமானவன் என்ற ஒரே காரணத்துக்காகச் சென்டராக்கப்பட்டேன். பந்தைத் தரையில் இரண்டு முறைக்கு மேல் தட்டினால் ஆசிரியர் விசில் ஊதுவார். மாநிலத் தேர்வுக்குப் போனபோது என்னைவிட உயரமான மூவர் அங்கே இருந்தார்கள், எனக்கு வேறு எதுவும் தெரியாது. அந்தக் குறையை இவன் தலையில் ஏற்றுகிறேனோ என்ற ஐயத்தால்தான் எண்களை எழுதி வைக்கிறேன்.

12 ஜூலை 2025, சனி

பெர்ரியில் பட்டர்வர்த்துக்குப் போய் நட்பு ஆட்டம். எதிரணிச் சென்டருக்கு இவனைவிட ஏழெட்டு செ.மீ. குறைவு, ஆனால் எடை தொண்ணூறுக்கு மேல். இடுப்பால் தள்ளித் தள்ளியே இவனை வளையத்தின் கீழ் கொண்டுபோய்ச் சேர்த்தான். மூன்றாவது கால் பகுதி முடிவதற்குள் நான்கு ஃபவுல். ஐந்தில் வெளியேற்றம் என்பதால் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. கடைசி எட்டு நிமிடம் எங்கள் கனமான பையன் ஒருவன் அந்தச் சென்டரோடு மல்லுக்கு நிற்க, இவனைப் பக்கத்தில் நான்காக விட்டோம். ஐந்தாவது ஃபவுல் விழவில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து நான்கு பாஸ், நான்கும் கூடை. ஆட்டம் ஆறு புள்ளியில் தோல்விதான்.

20 ஜூலை 2025, ஞாயிறு

நேற்று என் கருத்தை எழுதிக் கொடுத்தேன். நீண்ட காலத்துக்கு இவன் நான்கு. பயிற்சி முழுவதும் அதை நோக்கியே இருக்க வேண்டும், அதாவது முகத்தைக் காட்டி ஆடுவது, பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுவது, மூலையிலிருந்து எறிவது, இடுப்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நகர்வது. ஆட்டத்தில் ஒவ்வொரு கால் பகுதியிலும் சில நிமிடங்கள் ஐந்தாக நிற்கட்டும், ஏனெனில் அவன் தட்டுவதை நாம் இழக்க முடியாது. வளர்ச்சித் தட்டுகள் மூடி, எடை 90ஐத் தொட்ட பிறகு மீண்டும் பேசலாம். என்.பி.ஏ.வில் டிம் டங்கன் 1999இலும் 2003இலும் சென்டர் டேவிட் ராபின்சன் பக்கத்தில் நான்காக நின்றுதான் பட்டம் வென்றார் என்பதையும், 2020இல் பருவம் முழுவதும் பெரும்பாலும் நான்காகத் தொடங்கிய அந்தோணி டேவிஸ் பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்தைச் சென்டராகத் தொடங்கினார் என்பதையும் சேர்த்தேன். பின்னது என் வாதத்துக்குப் பாதி எதிரானது, இருந்தும் மறைக்க மனம் வரவில்லை.

பயிற்றுநர் இரண்டு முறை படித்தார். “ராபின்சன் எங்கே?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“இவன் டங்கன் என்றால், பக்கத்தில் நிற்க ஓர் ஐந்து வேண்டும். அதைக் கண்டுபிடித்துக் கொடுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.”

நியாயமான கேள்வி. பட்டர்வர்த்தில் அந்த எட்டு நிமிடம் நின்ற கனமான பையனுக்கு உயரம் 181தான், மேலும் போன வாரத்திலிருந்து அவன் பயிற்சிக்கு வரவில்லை. ரக்பிக்குப் போய்விட்டதாகப் பேச்சு. 2015 என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்திலிருந்து கோல்டன் ஸ்டேட் அணி, 213 செ.மீ. சென்டரைத் தொடக்க அணியிலிருந்து எடுத்துவிட்டு 198 செ.மீ. டிரேமண்ட் கிரீனை அந்த இடத்தில் நிறுத்திப் பட்டம் வென்ற கதையைச் சொன்னால் அந்தக் கனமான பையன் காது கொடுத்துக் கேட்பான் என்று நினைக்கிறேன். அவன் வீடு ஆயர் ஈத்தாமில், சந்தைக்குப் பின்னால். செவ்வாய்க்கிழமை மாலை மருமகனையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.