திருமலைக்கு வெளியே குடியிருக்க ஓர் ஊர்

திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலை டவுனுக்குள் வேலை, குடியிருப்பு டவுனுக்கு வெளியே என்று நானும் மனைவியும் முடிவெடுத்த பிறகு, மகளையும் ஏற்றிக்கொண்டு சனி, ஞாயிறுகளில் சுற்றியுள்ள ஊர்களைப் பார்க்கப் போகத் தொடங்கினோம். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். எனக்கு உட்துறைமுக வீதிப் பக்கம் அலுவலகம். மகளுக்கு முதலாம் தரம் வருகிறது. இந்த மூன்று பேருடைய நேரமும் ஒரு வீட்டுக்குள் பொருந்த வேண்டும். இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு உதவும் என்பதால், நாங்கள் பார்த்த ஊர்களைப் பற்றி எழுதுகிறேன்.

டவுனுக்குள்ளேயே இருக்கலாமே என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. டவுன் இருக்கும் இடத்தைப் பார்த்தால் எங்கள் சிக்கல் விளங்கும். ஒரு பக்கம் டச்பே கடற்கரை, மறுபக்கம் உட்துறைமுகம், முனையில் கோட்டையும் கோணேசர் கோயிலும். வளர இடமில்லை. இருக்கிற காணியைத் துண்டு துண்டாக்கித்தான் வீடு கட்டுகிறார்கள், வாடகையும் அதற்கேற்ற மாதிரி. வெளியே போக மூன்று பெரிய வீதிகள்: வடக்கே நிலாவெளி வீதி, மேற்கே அநுராதபுர வீதி, தென்மேற்கே சீனன்குடா வழியாகக் கண்டி வீதி. எந்த ஊரில் இருந்தாலும் காலையில் இந்த மூன்றில் ஒன்றால்தான் வந்திறங்க வேண்டும். ரயில் பாதையில் சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய் எல்லாம் நிலையங்கள்தான், ஆனால் அலுவலக நேரத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது. கொழும்புப் பயணத்துக்குத்தான் அது உதவும்.

முதலில் உப்புவெளி. டவுனிலிருந்து ஆறு கிலோமீற்றர்கூட வராது, ஓட்டோவில் ஏறினால் கால்மணி நேரம். போகும் வழியில் வீதியோரமாகவே இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். மகளை இறக்கி, கல்லறைகளில் எழுதியிருந்த வயதுகளை வாசித்துக் காட்டினேன். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பொடியன்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் திருமலையில் குண்டு போட்ட கதையையும் அங்கே வைத்துத்தான் அவளுக்குச் சொன்னேன். ஊரைப் பொறுத்தவரை, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் வருசம் முழுக்க வீடு வாடகைக்குக் கிடைப்பது கஷ்டம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை வெளிநாட்டுக்காரர் வரும் காலம். அந்த மாதங்களில் அறைகளாகப் பிரித்துக் கொடுத்தால் கிடைக்கும் காசை ஒரு குடும்பத்திடம் கேட்க முடியாது என்று வீட்டுக்காரர் ஒருவர் நேராகவே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

நிலாவெளியிலும் அதே கதை, தூரம் மட்டும் கூட. பத்தாம் கட்டை (மைல்கல்) தாண்டிப் போகும்போது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் உப்பளமும். புறாத்தீவுக்குப் போகும் படகுகள், ஹோட்டல்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் எல்லாம் இந்தப் பக்கம்தான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எதுவரை வந்தது என்று வயதானவர்கள் கையை நீட்டிக் காட்டினார்கள், சில வளவுகளில் அத்திவாரம் மட்டும் இன்னும் கிடக்கிறது. மனைவி அந்த அத்திவாரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது கடலை ஒட்டின வீடு வேண்டாம் என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை.

கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகளுக்கு வரும் கூட்டம் விடுமுறை நாட்களில் வீதியை அடைத்துவிடுகிறது. வெயிலும் காடும் அதிகம், பஸ் குறைவு. அதிக நேரம் நிற்கவில்லை.

கிண்ணியாவைப் பற்றி நிறையச் சொல்லலாம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாச் சனம் டவுனுக்கு வருவது ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகில்தான். வரிசையில் நின்று, வாகனத்தோடு ஏறி, அக்கரை சேர வேண்டும். பிரசவ வலியோடு வரும் பெண்களை அந்த வரிசையில் பார்த்ததாக மனைவியோடு வேலை செய்யும் மூத்த தாதி ஒருவர் சொல்லியிருக்கிறார். இப்போது பாலத்தைத் தாண்ட ஒரு நிமிசமும் ஆகாது. நாங்கள் போன பின்னேரம், தகப்பன்மாரும் பிள்ளைகளும் பாலத்தின் ஓரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைத்தெரு கலகலப்பு, நல்ல எருமைத் தயிர், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடங்கள். குடும்பத்தோடு இருக்க நல்ல ஊர், ஆனால் நாங்கள் தேடிய அமைதி அங்கே இல்லை, சனநெருக்கம் அதிகம்.

கிண்ணியாவுக்குப் போனால் குறிஞ்சாக்கேணியை நினைக்காமல் வர முடியாது. புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2021 நவம்பர் 23 காலையில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை ஏற்றிய மிதப்புப் பாதை அங்கே கவிழ்ந்தது. பிள்ளைகள் இறந்தார்கள். காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிள்ளைகள் அதில் ஏறினார்கள். ஓர் ஊரைப் பார்க்கும்போது பிள்ளை எந்த வழியால் பள்ளிக்கூடம் போகும், மழைக்காலத்தில் அந்த வழி இருக்குமா என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

மனம் போன இடம் தம்பலகாமம். கண்டி வீதியால் போய்த் திரும்பினால் கண்ணுக்கெட்டிய வரை வயல், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது காப்பாற்றிக் கொண்டுபோன விக்கிரகங்கள் கடைசியில் வந்து சேர்ந்ததாக ஊரார் சொல்லும் ஆதிகோணநாயகர் கோயில் வயல்களுக்கு நடுவில் நிற்கிறது. வரம்பில் நடக்கப் பழகிய மகள் வீட்டுக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். காற்று, தண்ணீர், சனத்தின் பழக்கம், எதிலும் குறை சொல்ல முடியாது. கோயிலடியில் இருந்த ஓர் ஐயா எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்து, விற்பனைக்கு இருக்கும் காணிகளை வரிசையாகச் சொன்னார். யானை வருமா என்று கேட்டோம். “வரும் தம்பி, வயல் விளையிற காலம் வரும். நாங்க பழகிட்டம், நீங்க பழக வேணும்” என்றார். மறைக்காமல் சொன்னதற்காக அவரிடம் எங்களுக்குப் பெரிய மரியாதை.

ஆனால் டவுனிலிருந்து இருபத்துநான்கு கிலோமீற்றர். எனக்கு அது பெரிய தூரம் இல்லை. மனைவிக்குப் பின்னேர ஷிப்ட் இரவு ஏழு மணிக்கு முடியும். கையளித்து, உடை மாற்றி, பஸ் நிலையத்துக்கு வர ஏழரை. அதற்குப் பிறகு கந்தளாய் பஸ்சைப் பிடித்து, சந்தியில் இறங்கி, உள்வீதியால் வீட்டுக்கு வர வேண்டும். நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சந்தியில் நிற்கலாம். அப்போது மகள்? அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல்தான் தம்பலகாமத்தை விட்டோம். ஓய்வு பெற்றவர்களோ, வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிற குடும்பமோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகச் சொல்வேன்.

பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. அலுவலகம் விடுவது நாலேகாலுக்கு. நடுவில் உள்ள அந்த நேரத்தைப் பிள்ளை எங்கே, யாரோடு கழிக்கும்? வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு ஊரைத் தீர்மானிப்பது இதுதான். டவுனில் உள்ள பெரிய பள்ளிக்கூடங்களில் முதலாம் தரத்துக்கு இடம் எடுப்பதும் லேசில்லை. கிட்ட இருக்கிறவர்களுக்குத்தான் பெரும்பங்கு இடம், வெளியே போனால் அந்தப் புள்ளிகள் போய்விடும். யோசித்துப் பார்த்து, ஐந்தாம் தரம் வரைக்கும் மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தோம். நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், அதே ஒழுங்கையில் சிநேகிதப் பிள்ளைகள். சின்ன வயதில் ஒரு பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பள்ளிக்கூட வான் வண்டியில் ஒரு மணி நேரம் குலுங்கிப் போய் வருவதைவிட இது எவ்வளவோ மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்படித்தான் சாம்பல்தீவு எங்கள் ஊராகப் போகிறது. நிலாவெளிக்குப் போகும்போது நாங்கள் நிற்காமல் பாலத்தைத் தாண்டிக் கடந்துபோன ஊர். டவுனிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைக்குப் போகிற எல்லா பஸ்சும் இந்த வழிதான், அதனால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம். கிட்டவே சல்லி. முத்துமாரி அம்மன் பொங்கலுக்குப் பக்கத்து ஊர்ச்சனம் எல்லாம் அங்கே திரளும், மற்ற நாட்களில் வலை காய்கிற மீனவக் கிராமம். ஹோட்டல்கள் வடக்கே தள்ளிப் போய்விட்டதால் இங்கே சீசன் என்று ஒன்று இல்லை. வருசம் முழுக்க ஒரே மாதிரி. பின்னேரம் நாலு மணிக்குப் போய் ஒழுங்கைகளில் நடந்து பார்த்தோம். படலையடியில் ஆட்கள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சைக்கிள் ஓடினார்கள். “யாற்ற வீடு தேடுறீங்க?” என்று எங்களை நிறுத்திக் கேட்காதவர் இல்லை. அமைதி என்று நாங்கள் தேடியது இதைத்தான். ஆளே இல்லாத ஒழுங்கை எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பிள்ளையோடு இருக்க எனக்குப் பயம்.

வீடு பார்த்த வளவில் ஓர் ஆச்சி இருக்கிறார். தண்ணீர் எப்படி என்று கேட்டதும் துலாக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வாளியைப் போட்டு அள்ளி, செம்பில் ஊற்றித் தந்தார்.

“குடிச்சுப் பாருங்க மகன். கச்சான் காத்துக்குள்ள கீழ இறங்கும், வத்தாது. களப்புப் பக்கம் போனாத்தான் உவர்.”

குடித்தேன். உவர்ப்பு இல்லை, இலேசாக ஒரு கல் மணம் மட்டும். இந்தக் கரையோரத்தில் நூறு யார் தள்ளிப் போனாலே தண்ணீர் மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு கிணற்றையும் குடித்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் கச்சான் காற்று வீசும் ஆகஸ்ட்டில். மாரியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை நாலரை வரை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆச்சியே சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் கனடாவில்.

வாங்குவதாக இருந்தால் இந்தப் பக்கத்தில் காணியின் கதையை விசாரிக்காமல் காசு கொடுக்கக் கூடாது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து போனவர்களின் வளவுகள் நிறைய. உறுதி (காணிப் பத்திரம்) தொலைந்தவை, உரித்துக்காரர் நாலு நாட்டில் இருப்பவை, ஒருவர் எழுதிக்கொடுத்த அற்றோணித் தத்துவத்தை (அதிகாரப் பத்திரத்தை) வைத்துக்கொண்டு இன்னொருவர் விற்கப் பார்ப்பவை. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் 30 வருசப் பதிவைப் பார்ப்பித்து, கிராம சேவகரையும் பக்கத்து வளவுக்காரரையும் நேரில் விசாரியுங்கள். எல்லைக்கல்லைக் கண்ணால் பாருங்கள். போன தலைமுறை பட்ட கஷ்டத்தின் மேல் இன்னொரு வழக்கை ஏற்றிவைக்க யாருக்கும் மனம் வராது என்று நினைக்கிறேன். அதனால் நாங்கள் முதலில் இரண்டு வருசத்துக்கு வாடகைக்குத்தான் இருக்கப் போகிறோம்.

இன்னும் ஒன்று மிச்சம். கார்த்திகை மழை தொடர்ந்து பெய்யும் ஒரு நாளில், விடியற்காலை ஆறரைக்கு அந்த ஒழுங்கையால் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும். களப்பு நிரம்பும்போது தண்ணீர் எதுவரை ஏறுகிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வழி நனையாமல் இருக்கிறதா, பெரிய வீதி வரைக்கும் போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அட்வான்ஸ். ஆச்சியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறோம், அவரும் சரி என்றுவிட்டார்.