அப்பாவின் பெருவிரலும் பியூரினும்

ஜூன் 4
அப்பாவின் வலது கால் பெருவிரல் ராத்திரியோடு ராத்திரியாக வீங்கிச் சிவந்துவிட்டது. போர்வை நுனி பட்டாலே துடிக்கிறார். கவுட் என்றார் டாக்டர், யூரிக் அமிலம் கூடி மூட்டில் வரும் வாதம். ரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 8.9 மில்லிகிராம். பார்க்க வந்த அத்தை, "அண்ணே, இனி பருப்பு, கீரை பக்கமே போகாதீங்க, அதுல பியூரின் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி சாம்பாரே வேண்டாம் என்றுவிட்டார் அப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஜூன் 6
உட்கார்ந்து படித்தேன். ஆறணு வளையமும் ஐந்தணு வளையமும் ஒட்டிய நைட்ரஜன் சேர்மம்தான் பியூரின். 1884-இல் பெயர் வைத்தவர் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர். டிஎன்ஏவின் அடினினும் குவானினும் இந்தக் குடும்பம்தான். செல்கள் சிதையும்போது வெளிவரும் பியூரின் கடைசியில் யூரிக் அமிலமாகிறது. ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உடம்பே தயாரித்தது. சாப்பாட்டால் வருவது மிச்சம்தான்! பெரும்பாலான பாலூட்டிகள் யூரிகேஸ் என்ற நொதியால் அதை மேலும் உடைத்துவிடும். மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அந்த மரபணு வேலை செய்வதில்லை. சிறுநீரகம் போதுமான அளவு வெளியேற்றாவிட்டால் தேங்கும். டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டில் இறங்கும்.

ஜூன் 8
மீன் மார்க்கெட் போனேன், வாங்காமல் வந்தேன். மத்தி, நெத்திலி, ஆட்டு ஈரல் மூன்றிலும் பியூரின் அதிகம். மத்தியின் வெள்ளிப் பளபளப்பே தோலில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்களால் வருவது. குனிந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பருப்பு விஷயத்தில் அத்தை சொன்னதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2004-இல் வந்தது. இறைச்சியும் மீனும் கவுட் வாய்ப்பைக் கூட்டின. பருப்பு, பசலை போன்றவை கூட்டவில்லை. பால் பொருட்கள் குறைக்கவே செய்தன. இன்று சாம்பாரும் மோரும் வைத்தேன். அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

ஜூன் 11
காபியை நிறுத்தணுமா என்று கேட்டார். கஃபீனும் பியூரின் இனம்தான், ஆனால் உடம்பில் யூரிக் அமிலமாக மாறாது. நிறுத்த வேண்டியது சாயந்திர பாட்டில் ஜூஸை. அதிலுள்ள ஃபிரக்டோஸைக் கையாளக் கல்லீரல் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழிக்கிறது. அதிலுள்ள அடினின் சிதைந்து யூரிக் அமிலம் கூடுகிறது. இதை யாருமே சொல்வதில்லையே!

ஜூன் 20
வீக்கம் வடிந்தது. டாக்டர் அலோபியூரினால் 100 மில்லிகிராமில் தொடங்கினார். ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கிய மருந்து. 1988 நோபல் பரிசு பெற்றவர்கள். பியூரின் போலவே வடிவம் கொண்டு, யூரிக் அமிலம் செய்யும் நொதியை அடைத்துவிடுகிறது. ஆரம்ப மாதங்களில் வலி திரும்பலாம், அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். யூரிக் அமில இலக்கு 6-க்குக் கீழே. அடுத்த ரத்தப் பரிசோதனை ஜூலையில்.