டெக்னரின் 125-க்கு ஒரு குழாய்: கணக்கிலிருந்து தகடு வரை

1961-இல் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஓட்டிய எம்இசட் 125, 125 சிசி டூ-ஸ்ட்ரோக் பந்தய பைக்; சிலிண்டர் 54×54 மி.மீ. (விட்டம் × பிஸ்டன் ஓட்டம்). காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இல்லாமலே நிமிடத்துக்கு 10,800 சுற்றில் 25 குதிரைத்திறன், அதாவது லிட்டருக்கு 200. கிழக்கு ஜெர்மனியின் ட்ஸோபாவ் ஆலையில் வால்டர் காடன் இதைச் சாதித்தது டிஸ்க் வால்வு (கலவை உள்ளே வரும் வழியைத் திறந்து மூடும் சுழல் தட்டு), கூடுதல் டிரான்ஸ்ஃபர் போர்ட் (கலவை சிலிண்டருக்குள் ஏறும் துளை), எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் விரிந்து மறுபடி குறுகும் புகைக் குழாய்) மூன்றையும் சேர்த்து. இங்கே செய்து பார்த்தது மூன்றாவதை மட்டும். அளவுகள் எம்இசட் வரைபடத்தில் எடுத்தவை அல்ல, அந்த 10,800-ஐ வைத்துக் கணக்கிட்டவை.

எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) கிராங்க் சுற்றில் 190 டிகிரி திறந்திருப்பதாகவும், குழாய்க்குள் அழுத்த அலையின் வேகம் வினாடிக்கு 518 மீட்டர் என்றும் வைத்தால்: 190 × 518 ÷ (12 × 10,800) = 0.76 மீட்டர். பிஸ்டன் முகத்திலிருந்து பின் கோனின் நடுப்பகுதி வரை இந்த 760 மி.மீ. வர வேண்டும். பிரித்தது இப்படி: 38 மி.மீ. விட்டமுள்ள ஹெடர் (எஞ்சினை ஒட்டிய நேர்க் குழாய்) 250, விரியும் கோன் 300, வயிறு (நடுவிலுள்ள அகன்ற பகுதி) 110, பின் கோன் 200 (கணக்கில் பாதிதான்). வால் குழாய் 22 மி.மீ. விட்டம், 264 நீளம். 760-இல் 10 மி.மீ. குறைத்தால் உச்சத் திறன் வரும் வேகம் சுமார் 140 சுற்று மேலே போகும்.

விரியும் கோன் அலையைத் திருப்பி உறிஞ்சலாக அனுப்புகிறது. புதுக் கலவையில் கொஞ்சம் குழாய்க்குள் ஓடிவிடும். போர்ட் மூடுமுன் அதைத் திரும்ப உள்ளே தள்ளுவது பின் கோன்.

38-லிருந்து 86 விட்டத்துக்கு விரியும் கோனை அட்டையில் வரைய: வெளி ஆரம் 539, உள் ஆரம் 238, கோணம் 28.7 டிகிரி. இதை அப்படியே 1 மி.மீ. தகட்டில் வெட்டியதுதான் தப்பு. உருட்டும்போது சுற்றளவு தகட்டின் நடுத் தடிமனில் நிற்கும், அதனால் உள் விட்டம் எல்லா இடத்திலும் 1 மி.மீ. குறைந்தது. பெரிய வாயில் பாதகமில்லை. வால் குழாயிலும் இதே தப்பு நடந்து 22 மி.மீ. 21 ஆனால் சூடு வெளியேறாமல் பிஸ்டன் தலை உருகவும் கூடும். விட்டத்தோடு தகட்டின் தடிமனையும் கூட்டி வரைந்த பிறகே அளவு சரியானது.

பின் கோனின் குறுகிய முனை உருட்டும்போது மடிந்தது. 86–50, 50–22 என இரண்டு துண்டாக்கியதும் சுலபமாக வந்தது. வெல்டிங்கில் முதலில் வைக்கும் நான்கு பொட்டுகளை (தற்காலிகப் புள்ளி வெல்டுகளை) எதிரெதிராக வைக்காவிட்டால் குழாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இத்தனை எண்களும் ஒரு தாளில் அடங்கிவிடும் என்பதுதான் டெக்னர் கதையின் சாரம். 1961 செப்டம்பரில் சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட்டில் பந்தயத்தில் எஞ்சின் கெட்டு நின்றதும் அவர் மேற்குக்குத் தப்பினார்; எம்இசட்டின் ரகசியம் அவரோடு ஜப்பானின் சுசுகிக்குப் போனது. குடும்பத்தையும் காருக்குள் ஒளித்து எல்லை கடத்தியாயிற்று. அந்த ஆண்டின் 125 பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபில்லிஸுக்குப் போனது. 1962-இல் 50 சிசி உலகப் பட்டத்தை சுசுகியில் டெக்னரே வென்றார். சுசுகா தடத்தின் ஒரு வளைவு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது, அங்கே விழுந்ததற்காக!

குழாயில் பாக்கி ஒன்று: பொட்டு வைத்த பின் அளந்ததில் வயிறு 3 மி.மீ. நீளம். அதை அறுத்து மறுபடி பொருத்த வேண்டும்.