ஏபிடியை ஏபிடியாலேயே சரிசெய்வது எப்படி?

டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, இறக்கி நிறுவும் கருவிதான் ஏபிடி. எந்த மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்தாலும் என் விரல்கள் தாமாகவே தட்டுவது ஏபிடி அப்டேட், ஏபிடி அப்கிரேட் என்ற இரண்டு கட்டளைகளைத்தான். 2019 ஜனவரியில் ஓட்டை அந்த ஏபிடியிலேயே இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. திருத்திய பதிப்பை இறக்க ஓட்டையுள்ள பதிப்பை இயக்கியாக வேண்டும். இயக்கும் அந்தச் சில நொடிகளில்தான் ஆபத்தே இருக்கிறது.

பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2019-3462 என்பது அதன் எண். ஏபிடி தானே நேரடியாக இணையத்தில் இறங்குவதில்லை. அதற்கென்று தனி ஏவலாளை, அதாவது ஒரு துணைச் செயல்முறையை அனுப்புகிறது. அது வரிவரியாகச் செய்தி அனுப்பும்: 'இந்த முகவரி வேறிடத்துக்குத் திருப்பிவிடுகிறது', 'கோப்பு வந்துவிட்டது, அதன் ஹாஷ் இது'. ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு மதிப்பு. சர்வர் அனுப்பிய ரீடைரக்ட் முகவரிக்குள் ஒரு வரிமுறிவைக் குறியாக்கி ஒளித்துவைத்தால், துணைச் செயல்முறை அதை அவிழ்த்து அப்படியே மேலே அனுப்பியது. வரிமுறிவுக்குப் பிறகு தாக்குபவர் எழுதியதெல்லாம் துணைச் செயல்முறையே சொன்ன செய்தியாகிவிட்டது. 'கோப்பு வந்துவிட்டது, ஹாஷ் சரியாக இருக்கிறது' என்ற பொய்யும் அதில் அடக்கம். கெட்ட பேக்கேஜை, கையொப்பம் வரும் ரிலீஸ்.ஜிபிஜி கோப்பின் முன்பகுதியில் திணித்து முன்கூட்டியே வட்டில் இறக்கிவைத்துவிட முடியும். பொய்ச்செய்தி அந்தக் கோப்பைச் சுட்டிக்காட்டினால் போதும். நிறுவல் ரூட் உரிமையோடு, அதாவது இயந்திரத்தின் முழு அதிகாரத்தோடு, நடக்கிறது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

'பேக்கேஜ் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும்போது, மறைகுறியாக்கிய எச்டிடிபிஎஸ் இணைப்பு எதற்கு' என்று பல ஆண்டுகளாக வாதிட்டவர்களுக்கு அந்த வாரம் தலைவலிதான். கையொப்பச் சரிபார்ப்பில் பிழையில்லை. ஆனால் இறங்கிய கோப்பின் ஹாஷைக் கணக்கிட்டுச் சொல்வதும் அதே துணைச் செயல்முறைதான் என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. எச்டிடிபிஎஸ் இருந்திருந்தால் இடையில் புகுபவரைத் தடுத்திருக்கும். பேக்கேஜ்களின் நகலை வழங்கும் மிரர் சர்வரே கெட்டது என்றால் அதுவும் உதவாது. ஆகவே இரு தரப்பும் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

நான் செய்தது இது. முதலில், பின்னணியில் தானாக ஓடும் ஏபிடி-டெய்லி டைமர்கள் இரண்டையும் நிறுத்தினேன். நாம் கவனமாக இருக்கும்போது அது பாட்டுக்கு ரீடைரக்டைப் பின்தொடர்ந்து எதையாவது இறக்கினால் எல்லாம் வீண். பிறகு, 'அக்வயர் எச்டிடிபி அலவ்ரீடைரக்ட்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' என்று கட்டளையோடேயே கொடுத்து அப்டேட்டை ஓட்டினேன். அதே அமைப்போடு ஏபிடியையும் அதன் நூலகங்களையும் மட்டும் மேம்படுத்தினேன். டெபியன் 9-இல் பதிப்பு 1.4.9 என்று கண்ணால் பார்த்த பிறகே மற்ற பேக்கேஜ்களைத் தொட்டேன். இந்த வரிசை டெபியன் விதித்ததல்ல, என் பிடிவாதம்: ஓட்டையுள்ள கருவியால் இறக்குவது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வருக்குப் பின்னால் இருந்த ஒரு சர்வரில் ரீடைரக்டை அடைத்ததும் அப்டேட் நின்றுபோனது. எரிச்சலில் அந்த அமைப்பை எடுத்துவிட்டு ஓட்டத்தான் கை பரபரக்கும். அதைத்தான் செய்யக் கூடாது. டெபியன் அறிவிப்பிலேயே மாற்று மிரர் முகவரி கொடுத்திருந்தார்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் பேக்கேஜ் கோப்புகளைத் தனியாக இறக்கி, ஷா256 ஹாஷ் மதிப்பை அறிவிப்பில் உள்ளதோடு ஒப்பிட்டு, வட்டில் உள்ள கோப்பை நேரடியாக நிறுவும் டிபிகேஜி கருவி மூலம் நிறுவலாம். அந்த மதிப்பைக் கோப்பு இறங்கிய அதே மிரரிலிருந்து எடுத்து ஒப்பிடுவது திருடனிடமே சாட்சி கேட்பதுதான்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால்? ஏபிடியின் ஹிஸ்டரி பதிவைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் ரூட் உரிமை பெற்றவர் பதிவையும் திருத்தியிருப்பார். உண்மையான சந்தேகம் இருந்தால் இயந்திரத்தை அழித்துப் புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு வழியை நான் நம்புவதில்லை.

பலரும் மறப்பது பழைய நிறுவல் வட்டுகளையும் மெய்நிகர் இயந்திரப் பிரதிகளையும்தான். புதிதாக நிறுவுபவர்களுக்கு இந்த ஓட்டை வேண்டாம் என்பதற்காகவே டெபியன் 9.7-ஐ 2019 ஜனவரி 23 அன்று வெளியிட்டார்கள். என் பழைய பிரதிகளை எல்லாம் மாற்றி முடிக்கும்வரை, முதல் அப்டேட்டில் ரீடைரக்டை அடைக்கும் வரியை நிறுவல் ஸ்கிரிப்டில் விட்டுவைத்திருந்தேன். முடிந்ததும் எடுத்துவிட்டேன், நியாயமாக ரீடைரக்ட் செய்யும் மிரர்கள் நிறைய இருக்கின்றன.